இரு மொழி, ஓர் இயைபு

நுழையும்முன்

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் பலருக்கு, அம்மொழியின் வினைச்சொல் இறுதியில் வரும் ‘ஸ்’ என்னும் ஒற்றை ஒலி பெரும் இடராக அமைகிறது. விண்ணப்பக் கடிதத்தில் அவ்வொலி விடுபட்டால் எழுதியவரின் அறிவே குறைவுடையதாகக் கருதப்படுவதுண்டு. பிழை நேருமோ என்று அஞ்சி, தெரிந்ததையும் பேசாமல் அமைந்துவிடுவோர் உளர். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே உள்ள இயைபைத் தமிழ் இலக்கணம் மிக நுட்பமாக ஆராய்ந்துள்ளது. அந்த அறிவைக் கைவிளக்காகக் கொண்டால் ஆங்கிலத்தின் இயைபு நெறியையும் தெளிவாகக் காணலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இயைபு என்பது யாது?

ஒரு தொடரில் எழுவாய் எத்தன்மையதோ, அத்தன்மைக்கு ஏற்பப் பயனிலை வடிவம் கொள்வதே இயைபு எனப்படும். ‘அவன் வந்தான்’ என்பது இயைந்த தொடர்; ‘அவன் வந்தாள்’ என்பது இயையாத தொடர். முன்னதை வழாநிலை என்றும் பின்னதை வழு என்றும் தமிழ் இலக்கண நூலார் வழங்கினர். இலக்கண நெறிப்படி வழுவாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி ஆகும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம், திணையையும் பாலையும் வகுத்துக் கூறுவதிலிருந்தே தொடங்குகிறது. பெயர் உணர்த்தும் பாலும் வினை உணர்த்தும் பாலும் தம்முள் மயங்குதல் கூடாது என்பது அவ்வியல் வகுக்கும் அடிப்படை விதி. பவணந்தி முனிவரின் நன்னூல், திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாகப் பகுக்கிறது. ஆங்கில வகுப்பில் ‘சப்ஜெக்ட் – வெர்ப் அக்ரிமென்ட்’ என்று கற்பிக்கப்படும் செய்தி, தமிழ் மாணவருக்கு முற்றிலும் புதியது அன்று. எழுவாயின் எண்ணையும் இடத்தையும் வினை ஏற்பது பற்றிய செய்தியே அது.

நிறைந்த விகுதியும் குறைந்த விகுதியும்

‘வா’ என்னும் வினையின் இறந்தகால வடிவங்களை நோக்குக: வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது, வந்தன. இவ்வொன்பதற்கும் ஆங்கிலத்தில் ‘கேம்’ என்னும் ஒரே வடிவமே உண்டு. நிகழ்காலத்தில் மட்டும் ‘கம்’, ‘கம்ஸ்’ என இரண்டு வடிவங்கள் உள்ளன. எழுவாய் படர்க்கை ஒருமையாயின் ‘கம்ஸ்’; பிற இடங்களில் எல்லாம் ‘கம்’. ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என்ற வேறுபாட்டை ஆங்கில வினை காட்டுவதில்லை. ‘ஹி கம்ஸ்’, ‘ஷி கம்ஸ்’, ‘இட் கம்ஸ்’ என மூன்றிற்கும் வடிவம் ஒன்றே.

தமிழில் ‘வந்தேன்’ என்ற அளவிலேயே எழுவாய் விளங்கிவிடுகிறது. ஆதலின் எழுவாயை வெளிப்படக் கூறாமல் தோன்றா எழுவாயாக விடுதல் இயல்பு. ஆங்கில வினைக்கு அவ்வாற்றல் இல்லை. எனவே எழுவாயை ஒவ்வொரு தொடரிலும் கூறியே ஆகவேண்டும். எழுவாய் வெளிப்பட நிற்பதால் வினையின் விகுதி தரும் செய்தி பெரும்பாலும் மிகையே. ‘ஷி சிங்’ என்று பிழைபடக் கூறினாலும் பொருள் விளங்கிவிடும். பொருள் கெடாத இடத்தில் விகுதி எளிதில் மறக்கப்படுகிறது. தமிழில் விகுதி பொருளைச் சுமக்கிறது; ஆங்கிலத்தில் விகுதி மரபைச் சுமக்கிறது. பிழை மிகுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஒலி அமைப்பும் மற்றொரு காரணமாகும். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. ‘ஸ்’ போன்ற உரசொலி இறுதியில் நிற்பதும் தமிழ் மரபில் இல்லை. எனவே ஆங்கிலச் சொல்லின் கடைசியில் மெலிதாக ஒலிக்கும் அவ்வொலியைச் செவி தவறவிடுகிறது; செவி தவறவிட்டதை நா ஒலிப்பதில்லை; நா ஒலிக்காததைக் கை எழுதுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

ரோஜர் பிரவுன் என்னும் அறிஞர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து 1973இல் நூலாக வெளியிட்டார். பெயர்ச்சொல்லின் பன்மையைக் காட்டும் ‘ஸ்’ ஒலியைக் குழந்தைகள் முன்னரே கைக்கொண்டனர். வினையில் ஒருமையைக் காட்டும் அதே ஒலியைக் காலந்தாழ்த்தே கைக்கொண்டனர். ஒலி ஒன்றே ஆயினும் பணி வேறு என்பதே இதன் காரணம். எனவே, இவ்விகுதியைப் பிற்படக் கற்பது தமிழ் மாணவரின் குறைபாடு அன்று.

விகுதிகள் தேய்ந்த வரலாறு

ஆங்கிலம் தொடக்கத்திலேயே விகுதி குறைந்த மொழியாக இருந்ததில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், நிகழ்கால ஒருமையில் தன்மை, முன்னிலை, படர்க்கை ஒவ்வொன்றிற்கும் தனித்தனி விகுதி இருந்தது. பன்மையில் மூவிடத்திற்கும் பொதுவான ஒரு விகுதி இருந்தது. காலப்போக்கில் சொல்லிறுதி ஒலிகள் தேய்ந்து மறைந்தன. படர்க்கை ஒருமை விகுதி மட்டும் எஞ்சியது. அதுவும் தென்பகுதி வழக்கில் ‘எத்’ என்றும் வடபகுதி வழக்கில் ‘எஸ்’ என்றும் இரு வகையாக ஒலித்தது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பு பழைய ‘எத்’ விகுதியையே கையாண்டது. அக்காலத்தவரான சேக்சுபியரின் நாடகங்களில் இரண்டும் கலந்து வருகின்றன. பின்னர் வடபகுதி விகுதியே நிலைபெற்றது.

முன்னிலை ஒருமையில் வழங்கிய ‘தவ்’ என்னும் சொல்லும் அதற்குரிய வினைவிகுதியும் வழக்கொழிந்தன. ‘யூ’ என்பது முதலில் பன்மைச் சொல்லாகவே இருந்தது. தமிழில் ஒருவரை மதிப்புக் கருதி ‘நீங்கள்’ என்று அழைப்பது போல, ஆங்கிலேயரும் ஒருவரை ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கினர். நாளடைவில் அதுவே அனைவர்க்கும் உரிய பொதுச்சொல் ஆயிற்று. எதிரே நிற்பவர் ஒருவரே ஆயினும் ‘யூ இஸ்’ என்னாது ‘யூ ஆர்’ என்றே கூறுவதன் காரணம் இதுவே. ‘ஆசிரியர் ஒருவர் வந்தார்’ என்பதில் பலர்பால் விகுதி ஒருவரைக் குறிப்பது போன்ற வழுவமைதியே அதுவும். ஆயினும் படர்க்கையில் ஆங்கிலம் உயர்வுப் பன்மையை மேற்கொள்வதில்லை. தலைமையாசிரியரைக் குறிக்கும்போதும் ‘தி ஹெட்மாஸ்டர் கம்ஸ்’ என ஒருமை வினையே வரும். மதிப்புக் கருதிப் பன்மை வினை இடுவது அங்கு வழு ஆகும்.

பெயரிலா, வினையிலா?

ஆங்கில நிகழ்கால இயைபை நினைவிற்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ‘தி பாய் ரன்ஸ்’, ‘தி பாய்ஸ் ரன்’ என்னும் இரண்டு தொடர்களை ஒப்பிடுக. முதல் தொடரில் ‘ஸ்’ வினையின்மேல் நிற்கிறது. இரண்டாம் தொடரில் பெயரின்மேல் நிற்கிறது. பெயர் அவ்வொலியை ஏற்றால் வினை ஏற்பதில்லை. பெயர் ஏற்காவிடில் வினை ஏற்கிறது. பெயரில் பன்மையைக் காட்டும் ஒலியே வினையில் ஒருமையைக் காட்டுவதால்தான் மயக்கம் தோன்றுகிறது.

இவ்வழிக்குச் சில புறனடைகள் உள்ளன. ‘மென்’, ‘சில்ட்ரன்’ ஆகியவை ‘ஸ்’ ஏற்காத பன்மைகள். அவை பன்மை வினையையே கொள்ளும். ‘நியூஸ்’, ‘மேத்தமேட்டிக்ஸ்’ ஆகியவை ‘ஸ்’ என முடிந்தும் ஒருமைச் சொற்களே. ‘பீப்பிள்’ என்பது தமிழின் ‘மக்கள்’ போல எப்போதும் பன்மை வினை கொள்ளும். ‘போலீஸ்’ என்பதும் பன்மையே. ‘காவல்துறை வந்தது’ என்னும் தமிழ் வழக்கை எண்ணி ‘போலீஸ் ஹேஸ்’ என்று எழுதுதல் பிழை.

‘ஷீப்’, ‘டியர்’ போன்ற சொற்கள் ஒருமையிலும் பன்மையிலும் ஒரே வடிவம் உடையவை. ‘தி ஷீப் இஸ்’ என்றால் ஓர் ஆடு; ‘தி ஷீப் ஆர்’ என்றால் பல ஆடுகள். இது தமிழ் மாணவர் அறிந்த பால்பகா அஃறிணைப் பெயரே ஆகும். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்னும் தொடர்களில் வினையே எண்ணை உணர்த்துகிறது. இத்தகைய இடங்களில் ஆங்கில வினையும் மிகையாகாமல் பொருளைச் சுமக்கிறது.

தலைமைப் பெயரைக் காணல்

‘தி பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ் இஸ் ஹெவி’ என்பது சரியான தொடர். இதில் ‘மேங்கோஸ்’ என்னும் பன்மைச்சொல் வினைக்கு மிக அருகில் நிற்பதால் பலர் ‘ஆர்’ என்று எழுதிவிடுகின்றனர். கேத்ரின் பாக், கேரல் மில்லர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் தொடரின் முற்பகுதியைக் கூறி, அதனைத் திரும்பச் சொல்லி நிறைவு செய்யுமாறு கேட்டனர். தலைமைப் பெயர் ஒருமையாகவும் வினைக்கு அருகிலுள்ள பெயர் பன்மையாகவும் இருந்தபோது அவர்களிடமும் பிழை மிகுந்தது.

இவ்விடத்தில் தமிழ் அறிவு பெருந்துணை ஆகிறது. தமிழில் அடைகள் முன்னே வர, தலைமைப் பெயர் இறுதியில் நிற்கும். ‘மாம்பழங்கள் நிறைந்த கூடை’ என்று தமிழில் கூறியவுடன், இறுதியில் நிற்கும் ‘கூடை’ என்பதே எழுவாய் என்பது வெளிப்படுகிறது. கூடை ஒருமை, எனவே ‘இஸ்’. அவ்வாறே ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ் லிவ்ஸ் இன் சேலம்’ என்பதைத் தமிழில் எண்ணினால் ‘என் நண்பர்களுள் ஒருவன்’ என்று அமையும். இறுதிச்சொல் ஒருவன், எனவே ‘லிவ்ஸ்’. ‘தி பாய் வித் ஹிஸ் டாக்ஸ் வாக்ஸ்’ என்பது ‘தன் நாய்களுடன் அச்சிறுவன் நடக்கிறான்’ என அமையும். நாய்கள் பல ஆயினும் நடப்பவனாகக் கூறப்படுபவன் ஒருவனே.

எழுவாய் வினைக்குப் பின் வரும் இடங்களும் ஆங்கிலத்தில் உண்டு. ‘தேர் ஆர் டூ வெல்ஸ்’ என்பதில் எழுவாய் ‘டூ வெல்ஸ்’. தமிழில் ‘இரண்டு கிணறு உண்டு’ எனலாம். ‘உண்டு’ என்பது ஐம்பாலுக்கும் பொதுவானது என்பதால் எண்ணை நோக்க வேண்டுவதில்லை. அப்பழக்கத்தால் ‘தேர் இஸ் டூ வெல்ஸ்’ என்னும் பிழை நேர்கிறது. ‘இரண்டு கிணறுகள் உள்ளன’ என்று எண்ணிப் பார்த்தால் ‘ஆர்’ என்பது தெளிவாகும்.

முதலில் ஏற்பதும் இறுதியில் ஏற்பதும்

‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பதில் பல வினைகள் தொடர்ந்து வந்துள்ளன. எனினும் ஆண்பால் விகுதியை இறுதித் துணைவினை மட்டுமே ஏற்றுள்ளது. ஆங்கிலத்திலும் ஒரு வினைத்தொடரில் ஒரு சொல் மட்டுமே இயைபைக் காட்டும். ஆனால் அது முதலில் நிற்கும் சொல். ‘ஷி ஹேஸ் பீன் வெயிட்டிங்’ என்பதில் ‘ஹேஸ்’ என்பதே விகுதியைத் தாங்குகிறது. இதனை உணர்ந்தவர் ‘டஸ் ஷி கோஸ்’, ‘ஹி டஸ் நாட் கோஸ்’ என்று எழுதமாட்டார். ‘டஸ்’ என்னும் சொல் விகுதியை ஏற்றுக்கொண்டபின், ‘கோ’ என்பது விகுதியின்றி நிற்பதே முறை. ஒரு வினைத்தொடருக்கு ஒரு விகுதி போதும்.

‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ போன்ற துணைவினைகள் எவ்விடத்திலும் விகுதி ஏற்பதில்லை. தமிழில் ‘முடியும்’, ‘வேண்டும்’, ‘கூடாது’ ஆகியவை எல்லார்க்கும் பொதுவாக நிற்பதோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. ‘அவளுக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்பதில் ‘பிடிக்கும்’ என்னும் வினை ‘அவள்’ என்பதோடு இயைவதில்லை. அதனைப் பின்பற்றி ‘ஷி லைக் மேங்கோஸ்’ என்று எழுதுதல் பிழை. ஆங்கிலத்தில் ‘ஷி’ என்பதே எழுவாய். எனவே ‘லைக்ஸ்’ என்பதே சரி.

இரு மொழியும் வேறுபடும் இடங்கள்

எல்லா இடங்களிலும் தமிழைப் பின்பற்றிச் செல்ல இயலாது. ‘எல்லாரும் வந்தார்கள்’ என்பது தமிழில் பன்மை. ஆங்கிலத்தில் ‘எவ்ரிபடி’ என்பது ஒருமை வினை கொள்ளும். ஒவ்வொருவராகக் கருதும் சொல் அது. ‘ஒவ்வொரு மாணவனும் எழுதுகிறான்’ என்னும் தமிழ்த்தொடரே அதற்கு நிகரானது.

‘அண்ட்’ என்பது இரண்டு பெயர்களை இணைத்தால் பன்மை வினை வரும். எண்ணும்மை வந்த இடத்தில் தமிழும் பன்மையே கொள்ளும்: ‘கண்ணனும் வள்ளியும் வந்தனர்’. ‘ஆர்’ என்னும் விகற்பச் சொல் இணைத்தால், வினைக்கு அருகிலுள்ள பெயரோடு இயையச் செய்வது ஆங்கில மரபு.

குழுவைக் குறிக்கும் ‘டீம்’, ‘கவர்ன்மென்ட்’ முதலியவற்றை அமெரிக்கர் ஒருமையாகவே கொள்வர். பிரித்தானியர் ஒருமையாகவும் உறுப்பினரைக் கருதிப் பன்மையாகவும் கொள்வர். ‘அணி வென்றது’, ‘அரசு அறிவித்தது’ என்னும் தமிழ் வழக்கையொட்டி ஒருமை வினை எழுதினால் இரு நாட்டு வழக்கிற்கும் அது பொருந்தும். இயைபு சில வேளைகளில் ஒரு நாட்டின் தன்னுணர்வையும் காட்டும். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டம், ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்பதைப் பன்மைப் பெயரால் சுட்டுகிறது. இன்று அப்பெயர் ஒருமை வினையையே கொள்கிறது. பல மாநிலங்களின் கூட்டு என்னும் கருத்து ஒரே நாடு என்னும் கருத்தாக வளர்ந்ததை ஒரு சிறு வினைவடிவத்தில் காணமுடிகிறது.

பயிலும் முறை

ஐயம் தோன்றும் தொடரை நான்கு படிகளில் ஆராயலாம். முதலாவதாக, வினை எது எனக் காணுதல். இரண்டாவதாக, ‘யார்’ அல்லது ‘எது’ என வினவி எழுவாயைக் காணுதல். மூன்றாவதாக, எழுவாய் நீண்ட தொடராயின் தமிழில் எண்ணி, இறுதியில் நிற்கும் தலைமைப் பெயரைத் தெரிதல். நான்காவதாக, அப்பெயரின் எண்ணும் இடமும் அறிந்து வினையை அமைத்தல். எழுதுவதோடு நில்லாமல் வாய்விட்டு ஒலித்தல் வேண்டும். நாவும் செவியும் பழகிய பின்னரே விகுதி தானாக வந்தமையும்.

கற்பவை கற்றபின்

அடைப்புக்குள் உள்ளவற்றுள் பொருத்தமானதைத் தெரிவு செய்து, காரணத்தைத் தமிழ் இலக்கணக் கலைச்சொற்களால் விளக்குக.

1. ‘தி கலர் ஆஃப் தீஸ் ஃபிளவர்ஸ் (இஸ் / ஆர்) ரெட்.’
2. ‘மை பிரதர் அண்ட் சிஸ்டர் (லிவ் / லிவ்ஸ்) இன் மதுரை.’
3. ‘டஸ் யுவர் மதர் (ஒர்க் / ஒர்க்ஸ்) ஹியர்?’
4. ‘எவ்ரி ஸ்டூடன்ட் (ஹேஸ் / ஹேவ்) எ புக்.’
5. ‘ஒன் ஆஃப் தி பஸ்ஸஸ் (கோ / கோஸ்) டு தேனி.’
6. ‘தேர் (இஸ் / ஆர்) த்ரீ ட்ரீஸ் நியர் தி ஸ்கூல்.’
7. ‘ஃபைவ் ஹன்ட்ரட் ருபீஸ் (இஸ் / ஆர்) எனஃப்.’

விடையும் விளக்கமும்

முதல் தொடரில் தலைமைப் பெயர் ‘மலர்களின் நிறம்’ என்பதில் உள்ள நிறம், ஆகவே ‘இஸ்’. இரண்டாவதில் எண்ணும்மைப் பொருள் வந்தமையால் ‘லிவ்’. மூன்றாவதில் ‘டஸ்’ விகுதியை ஏற்றுவிட்டதால் ‘ஒர்க்’. நான்காவது ‘ஒவ்வொரு மாணவனும்’ என ஒருமை, ஆகவே ‘ஹேஸ்’. ஐந்தாவது ‘பேருந்துகளுள் ஒன்று’ என ஒன்றன்பால், ஆகவே ‘கோஸ்’. ஆறாவதில் எழுவாய் பின்வந்த பன்மை, ஆகவே ‘ஆர்’. ஏழாவதில் ஐந்நூறு ரூபாய் என்பது ஒரு தொகையாகக் கருதப்படுவதால் ‘இஸ்’.

தாய்மொழி இலக்கணத்தை ஆழ்ந்து கற்றவர்க்குப் பிறமொழி இலக்கணம் அச்சம் தருவதில்லை. வழு எது, வழாநிலை எது, வழுவமைதி எது எனப் பகுத்துக் காணும் பயிற்சி எம்மொழிக்கும் பொருந்தும். அப்பயிற்சி உடையவர், பிழை நேர்ந்த இடத்தில் நாணி வாய் மூடாமல், அதன் காரணத்தைத் தாமே கண்டு திருத்திக்கொண்டு மேலும் பேசுவர்.